உறை பிரிக்காத மெத்தை

மெத்தை தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மெத்தைக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். வாங்கிப்போகிறவர்களிடம் தினமும் ஒரே பாட்டுதான்: "வீட்டுக்குப் போனதும் பிளாஸ்டிக் உறையப் பிரிச்சுடுங்க. இல்லன்னா உள்ளே புழுங்கி நாறிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." இப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த வீட்டில் செய்துவைத்த கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அவரும் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவரும் ஒன்பது வருடமாக ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள். இன்னொன்றில் ஒற்றைக் கட்டில். அவர் வெறும் ரூம்மேட் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருந்ததால், அது அவள் கண்ணுக்காகப் போட்டது. அக்கா மாதம் ஒருநாள் காலையில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அம்மா போனபிறகு இவருக்குத் தலைசீவி, சோறூட்டி ஆளாக்கியவள். சொந்தமென்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் கிடையாது. உண்மை தெரிந்து அவளும் விலகிப் போய்விட்டால்? அந்தப் பயத்தில், அவள் வருவதற்கு முதல் நாளே சாப்பாடு இறங்காது. நெஞ்சு படபடக்கும். டாக்டர் சோதித்துவிட்டு, "இதயம் நல்லாத்தான் இருக்கு. மனசுல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தார். ஒன்றை ஒளித்து ஒளித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டார், பாவம்.

அக்கா வரும் நாளில் ஒற்றைக் கட்டிலின் விரிப்பைக் கசக்குவார், தலையணையைக் குத்திப் பள்ளமாக்குவார், போர்வையைச் சுருட்டி மூலையில் எறிவார். மருந்துக்கடைக்காரர் கதவோரம் நின்று பார்ப்பார். "தலையணையில ரெண்டு முடியையும் போடேன், முழுசா நம்புவாங்க," என்பார். கிண்டல்தான், ஆனால் வலித்துத்தான் சொல்வார். பிறகு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த முறை அக்காவுக்கு இடுப்பு வலி. மத்தியானம் சாப்பிட்டதும், "கொஞ்சம் சாயறேன்டா," என்று நேராகப் போய் ஒற்றைக் கட்டிலில் படுத்தாள். சரசரவென்று சத்தம். புரண்டாள், இன்னும் சத்தம். எழுந்து விரிப்பை உருவினாள்.

பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பட்டறை வழக்கப்படி, தைத்த தேதி தடித்த மையில், இவர் கையெழுத்திலேயே. அக்கா முதன்முதலில் வருகிறாள் என்ற பதற்றத்தில் உறையோடு போட்டு விரிப்பால் மூடியிருந்தார். யாரும் படுக்காததால் பிரிக்க வேண்டுமென்ற நினைப்பே வரவில்லை.

"ஒன்பது வருஷமா? இதுல நீ ஒருநாள்கூட படுத்ததில்லையா?"

பொய் வாய்வரை வந்தது. மென்று விழுங்கினார். "இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் அந்த ரூம்லதான். அவர் ரூம்மேட் இல்ல, என் துணை. நான் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்."  சொல்லும்போது வெட்கமாக இல்லை. அது அவருக்கே ஆச்சரியம்.

அக்கா அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வர்றப்பல்லாம் கசங்கிக் கிடந்துச்சே?"

"நான்தான் கசக்குவேன்."

"ஒவ்வொரு தடவையும்?"

தலையாட்டினார்.

"நான் வர்றேன்னா உனக்கு அவ்வளவு பயமாடா?" அவள் குரல் உடைந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு இது பிடிபடல. புரிஞ்ச மாதிரி நடிக்கவும் வராது. திரும்ப வருவியான்னு இப்போ கேக்காத." படியில் இறங்கியவள் நின்றாள். "அந்த உறையப் பிரிச்சுப் போடு. வந்தா படுக்க இடம் வேணும்ல."

அவள் போனதும் கத்தியால் உறையைக் கிழித்தார். ஊருக்கெல்லாம் சொன்ன அதே நாற்றம் குப்பென்று அடித்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அடுத்த மாதம் அதே நாள். புது மெத்தை, கசங்காத விரிப்பு. மருந்துக்கடைக்காரர் கடைக்குப் போகவில்லை. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பஸ்ஸில் அக்கா இறங்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை.

"மூணாவது பத்தரைக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.