வீட்டிலே யாரு உண்டு?

"வீட்டுக்கு எத்தனை படி? கிணறு எவ்வளவு தூரம்? எழும்பணுமுன்னா யாரு பிடிப்பா?" நர்ஸ் சத்தியபாய் கேட்டால் வார்டின் மறுகோடி வரை கேட்கும். பாறசாலைக்கு அருகிலுள்ள அந்த மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து, இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் முதியவர் எவரும் வீடு திரும்ப முடியாது. பின்வாசலின் மூன்று படிகளையும் அவள் கண்முன் ஏறி இறங்க வேண்டும். "டாக்டர் சொன்னா போராது, படி சொல்லணுமாக்கும்" என்பாள். கஞ்சி வைப்பவரின் பெயரையும் கேட்பாள். "எல்லாரும் உண்டு சிஸ்டரே" என்றால் நம்பமாட்டாள். "எல்லாரும் உண்டுன்னா ஒருத்தரும் இல்லே. பேரைச் சொல்லும்!"

மலையாள அரசின் கீழிருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்கள், அந்த ஆடி மாதத்தில் தடியடிபட்டு வந்து குவிந்தார்கள். கட்டில் போதாமல் பெண்கள் வார்டின் வாசலிலும் பாய் விரித்தார்கள். அவர்களுக்குக் காவலாகப் போலீஸ்காரர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தேறிய முதியவர்களை உடனே அனுப்பச் சொன்னார் டாக்டர்.

கால் முறிந்து வந்து, கட்டோடு ஓரளவு தேறியிருந்த உமையம்மாளின் கட்டிலருகே நின்று, சத்தியபாய் வழக்கமான குரலிலேயே கேட்டாள்: "வீட்டிலே யாரு உண்டு, அம்மா?"

கிழவி வாசலைப் பார்த்தாள். "மகன் உண்டு. நெல்லையப்பன். போராட்டமும் கீராட்டமும் அவனுக்குத் தெரியாது மக்கா. வீட்டிலேதான் கிடப்பான்."

பெயர் கிடைத்துவிட்டது. பிடிக்க மகன் இருக்கிறான் என்று படியை விட்டுவிட்டு, சத்தியபாய் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினாள். அழைத்துப்போக வண்டிக்காரன் மட்டும் வந்து நின்றபோதும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள், பக்கத்து வீட்டு லீலாபாய் இரண்டு ஆட்களைப் பிடித்து, கிழவியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகெல்லாம் புண். நாக்கு வறண்டு பேச்சு எழவில்லை. லீலாபாய் காதோடு சொன்னாள்: "அந்தப் பயலைப் போலீஸு தேடுது சிஸ்டரே. பத்து நாளா அம்பூரி மலையிலே ஒளிஞ்சு கிடக்கான். நானும் பெருங்கடவிளையிலே அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். வந்து கதவைத் தள்ளினா, தண்ணிச் செம்பு எட்டாத தூரத்திலே இருக்கு."

பத்தடியில் போலீஸ்காரரை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் எந்தப் பதிலை எதிர்பார்த்தாள்? சத்தியபாயின் முகம் எரிந்தது. தலை நிமிராமல் புண்ணைத் துடைத்தாள். இரண்டு மடக்குத் தண்ணீர் இறங்கியதும், உமையம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ என்ன செய்வே மக்கா? பொய் சொன்னது நானாக்கும்."

திட்டியிருந்தால் சத்தியபாய் தாங்கியிருப்பாள்.

வாசலிலிருந்து போலீஸ்காரர் கழுத்தை நீட்டி, மகன் வரவில்லையா என்று மலையாளத்தில் விசாரித்தார். "மோன் வந்நில்லே, சிஸ்டரே? இவருடெ வீட்டில் ஆருண்டு?"

சத்தியபாய் எழுந்தாள். மூலையிலிருந்த துணித்தட்டியை இழுத்து வந்து, அவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நிறுத்தினாள்.