மச்சாளும் நானும் ஒரே வெந்நீரில்

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார் விடுதிக்காரி. வாசலில் மண்டியிட்டு, தலை குனிந்து, மெல்லிய பிரெஞ்சில் சொன்னார். என் மச்சாள் அதற்கு முன்பே கழற்றிவிட்டு நின்றார்.

"சப்பாத்தோட வீட்டுக்குள்ள போகக்கூடாது எண்டு படிக்கவே பிள்ளை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீ?" என்று என் மகளிடம் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. என் கணவரின் செத்தவீட்டுக்குப் பிறகு, அவருடைய அக்காவான மச்சாள் என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. நானும் வலியப் போய்க் கதைத்ததில்லை.

மொன்றியலில் இருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் மலைப்பக்கத்தில் இருந்தது அந்த விடுதி. ஜப்பான்காரப் பெண் ஒருவரும் அவரைக் கட்டிய கெபெக்காரரும் நடத்துகிறார்கள். அந்த மலையில் வெந்நீர் ஊற்றுக்கு எங்கே போவது? ஆழக் கிணறு தோண்டி, வரும் தண்ணீரைச் சுடவைத்துக் கல் தொட்டியில் விடுகிறார்கள். மற்றதெல்லாம் ஜப்பானில் இருப்பது போலவேதான் என்றாள் மகள். பாய் பதித்த அறை, தரையில் மெத்தை, ஆளுக்கொரு பருத்தி அங்கி. குளிப்பதற்கு மட்டும் ஒரு நாட்டை நடத்தப் போதுமான சட்டங்கள்.

ஆட்கள் வாயில் இருந்து விழும் சொற்களைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடம் அதிகம் போகாத எனக்கு அவைதான் புத்தகம். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் என்னோடு நின்ற ஹெயிட்டிக்காரி, விடியற்காலைப் பனியைப் பார்த்து, "கடவுள் இந்த ஊரைச் செய்தபோது ஆரோடையோ கோபமாய் இருந்திருக்கிறார்" என்பாள். அதை நினைத்து இன்றைக்கும் சிரிப்பேன். ஆனால் என்னிடம் உள்ள சொற்களிலேயே மிகக் கூர்மையானது என் மச்சாள் தந்தது. செத்தவீட்டு மண்டபத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வந்த சனம் எல்லாம் கேட்கச் சொன்னார்: "என்ர தம்பிக்கு ஒருநாள் சூட்டோட சோறு போடேல்லை. அவள் சமைச்சதெல்லாம் ஆகாயத்தில போறவைக்குத்தான்."

அந்த வசனத்தில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால்தான் இன்னும் எரிச்சல். மண்டபத்தில் யாரோ சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். என் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. நான் விடிய வேலைக்குப் போன காலமெல்லாம் அவளுக்குத் தலை இழுத்து, சாப்பாடு தீத்தி, கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டு வளர்த்தவர் அவளுடைய மாமியான இந்த மச்சாள்தான். அதை நான் மறுக்கவில்லை. "மாமி வராட்டில் எனக்கு மணவறை வேண்டாம்" என்று மகள் சொன்னாள். மச்சாள் வருவதற்கு ஒரே ஒரு காரியம்தான் தேவை. நான் டொலார்டில் உள்ள அவர் வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதுதான் அழைப்பு. கிட்டின சொந்தத்துக்குப் பெண்ணின் தாய் நேரே போகாவிட்டால் கூப்பிடவில்லை என்றுதான் கணக்கு.

நான் கலியாண அழைப்புக் காட்டை மகளிடம் கொடுத்தனுப்பினேன். "காட் வந்திருக்கு. வாய் வரேல்லை" என்று பதில் வந்தது. முதலில் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கட்டும், பிறகு வருகிறேன் என்று நான் சொல்லியனுப்பினேன். முதலில் அவள் வரட்டும், பிறகு பார்ப்பம் என்று அவர் சொல்லியனுப்பினார். மண்டபம் எடுத்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, மச்சாள் மட்டும் மலைபோல் அங்கேயே இருந்தார்.

அதனால் மகள் களவாக ஒரு வேலை பார்த்தாள். கலியாணத்துக்கு முன்பு அம்மாவும் நானும் தனியாக இரண்டு நாள் எங்காவது போவோம் என்று என்னிடம் சொன்னாள். மாமியிடமும் அதையே, அம்மாவின் இடத்தில் மாமியைப் போட்டுச் சொன்னாள். லாசாலில் எங்கள் வீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு கார் டொலார்ட் பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு விளங்கியது. மச்சாள் பையைக் காரின் பின்பெட்டியில் வைத்து மூடிவிட்டு முன்கதவைத் திறந்தார். முன் சீற்றில் நான்.

"இவ ஏன் இஞ்சை இருக்கிறா?"

"மாமி, சில் வு ப்ளே, ஏறுங்கோ."

பக்கத்து வீட்டுக்காரர் பனி வழித்துக்கொண்டு பார்த்தார். அதனால்தான் மச்சாள் ஏறினார், பின் சீற்றில். வழி முழுவதும் அவர் மூச்சு என் கழுத்துக்குப் பின்னால் கேட்டது.

விடுதியில் ஒரே அறை, மூன்று மெத்தை. நடுவில் மகள். "உன்ர அம்மாட்டைச் சொல்லு, அந்தப் பையை எட்டி வைக்கட்டாம்" என்பார் மச்சாள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு. "மாமியிட்டைச் சொல்லு, அது பை வைக்கிற இடம்தான்" என்பேன் நான். மகள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் அங்கியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

பின்னேரம் பெண்களுக்குரிய குளிக்கும் நேரம் வந்தது. மகள் சட்டங்களைச் சொன்னாள். முதலில் உள் அறையில் முக்காலியில் இருந்து சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் வெளியே தொட்டியில் இறங்கலாம். உடம்பில் ஒரு நூல் இருக்கக்கூடாது.

"ஒரு துண்டும் இல்லாமலோ?" என்றார் மச்சாள். "குறுக்குக் கட்டினால் ஆருக்கு என்ன?"

"துணி தண்ணியில படக்கூடாதாம் மாமி. ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"அப்ப நான் வரேல்லை."

எனக்கும் அதே எண்ணம்தான். "நானும் வரேல்லை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். உடனே மச்சாள் எழும்பினார். "அவ வராட்டில் நான் வாறன்."

அவர் போய் ராணி மாதிரி வெந்நீரில் இருக்க, நான் அறைக்குள் வெட்கப்பட்டுக்கொண்டு கிடப்பதா? கொஞ்ச நேரத்தில் நானும் போனேன். எங்கள் வயதில் இரண்டு பெண்கள் அம்மணமாக எதிரெதிரே கழுத்தளவு தண்ணீரில் இருந்தோம். மேலே பனி விழுந்து ஆவியில் கரைந்தது. எதிர்க்கரையில் இரண்டு கெபெக் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். மகள் சிறிது நேரம் இருந்துவிட்டு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டுவருவதாக வேண்டுமென்றே எழும்பிப் போனாள்.

சொல்லியனுப்ப ஆள் இல்லாததால் மச்சாள் தண்ணீரைப் பார்த்துக் கதைத்தார்.

"நல்லாய்த்தான் சாப்பிட்டிருக்கிறாய். உடம்பு சொல்லுது."

"பிளேனில மிஞ்சினது, மச்சாள்."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எழும்பி உள் அறைக்குப் போய்விட்டார். வெற்றி எனக்கு என்று நினைத்துக் காலை நீட்டினேன்.

அவர் திரும்பி வருவதற்கு முன்பே வாசம் வந்தது. நல்லெண்ணெய். உச்சி முதல் கால் வரை மினுமினுத்துக்கொண்டு, கையில் ஒரு சின்னப் போத்தலோடு, பனிக்குள் விக்கிரகம் மாதிரி நின்றார்.

"மச்சாள், இறங்காதைங்கோ" என்றேன். "எண்ணெய் மிதக்கும்."

"வெள்ளிக்கிழமை. சுடுதண்ணி. எண்ணெய் வைக்காமல் என்ன முழுக்கு?"

"கழுவிப்போட்டுத்தான் இறங்கவேணும் எண்டு பிள்ளை சொன்னவள்."

"கழுவினனான். கழுவிப்போட்டுத்தானே எண்ணெய் வைச்சனான்." காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நின்றிருப்பார். நான் சொன்னதால் இறங்கினார்.

கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் எண்ணெய் முதலில் பொட்டுப் பொட்டாக வந்தது, பிறகு வட்டம் வட்டமாக விரிந்து, வானவில் நிறம் எடுத்து, எதிர்க்கரைக்குப் போனது. கெபெக் பெண்களில் ஒருத்தி கண்ணைத் திறந்தாள், தன் கையைத் தூக்கிப் பார்த்தாள், மற்றவளைத் தட்டினாள். இருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் எழும்பிப் போனார்கள். போன வேகத்திலேயே விடுதிக்காரி வந்தார். மண்டியிட்டார், ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு மணந்தார். இப்போது அவர் தலை குனியவில்லை.

பிரெஞ்சில் அவர் கேட்டதை மச்சாளுக்குச் சொன்னேன். "ஆர் எண்ணெய் வைச்சது எண்டு கேக்கிறா."

"ரெண்டு பேரும் எண்டு சொல்லு."

நான் விடுதிக்காரியைப் பார்த்து, அவர் மட்டும்தான் என்றேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்த மச்சாளுக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்காமல் போகுமா?

"காட்டிக்குடுத்திட்டாய்."

"கேட்டதுக்கு உண்மையைச் சொன்னன்."

"நீ உண்மை சொல்லுறவளோ? என்ர தம்பி பசியோட கிடந்த உண்மையை ஒருநாள் சொன்னனியே?"

"உங்கட தம்பி பசியோட கிடக்கேல்லை. உங்கட தம்பி என்ர குசினியில நிண்டு தானே சமைச்சுப் போட்டுச் சாப்பிட்டவர். எனக்கும் எடுத்து மூடி வைச்சவர். அது உங்களுக்குத் தெரியாது."

"ஆம்பிளையைச் சமைக்க விட்டதைப் பெருமையாய்ச் சொல்லுறாய்."

விடுதிக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் அது எண்ணெயைப் பற்றிய பேச்சு இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்கும். தொட்டியை இறைத்து, கல்லைத் தேய்த்து, திரும்ப நிரப்பிச் சுடவைக்க நாளை மத்தியானம் ஆகும் என்றும், அதுவரை எவருக்கும் குளிப்பு இல்லை என்றும், நாங்கள் இப்போதே எழும்ப வேண்டும் என்றும் சொன்னார். துவாயை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு அறைக்கே வந்தது. எங்களை மற்ற விருந்தினர் முன்னால் இருத்த அவர்களுக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன். வெள்ளி என்பதால் மகள் முன்பே சொல்லி மரக்கறிச் சாப்பாடாக எடுத்திருந்தாள். ஒரு தட்டத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். மச்சாள் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"உன்ர அம்மாட்டைச் சொல்லு, அவவுக்குப் பழகின சாப்பாடு வந்திருக்கு. பிளேன் தட்டம்."

மகள் சொல்லவில்லை. குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"நான் மண்டபத்தை வேண்டாம் எண்டு சொல்லப் போறன்" என்றாள். "ஐயரும் வேண்டாம். கோட்டுக்குப் போய்ப் பதிவுக் கையெழுத்து வைக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் வரவேண்டாம்."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்த முடிவை ஆறுதலாக எடுத்துப் பாயில் வைத்தாள். மச்சாளைப் பார்த்தேன். அவரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"தாலி இல்லாமலோ?" என்றார் மச்சாள்.

"கோட்டில என்ன தாலி" என்றேன் நான்.

"விசர்க் கதை கதைக்கிறாள்."

"நீங்கள் குடுத்த செல்லம்."

"பெத்தவள் நீ."

அப்படியும் அது சண்டைதான். ஆனால் மகளைத் தாண்டாமல், நேருக்கு நேர் போனது. மகள் எழும்பிப் போய் யன்னல் பக்கம் நின்றாள். மச்சாள் குரலைத் தாழ்த்தினார்.

"நீ வந்து சொல்லு. நான் வாறன். அவ்வளவும்தான்."

"இப்ப சொல்லுறன்."

"இஞ்சையோ? ஊரான் வீட்டுப் பாயில இருந்து கலியாணம் சொல்லுறதோ? என்ர வீட்டுக்கு வா."

"செத்தவீட்டில சொன்னதைத் திருப்பி எடுங்கோ."

"சொன்னது சொன்னதுதான்."

"அப்ப உங்கட வீட்டில நான் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்."

"தரமாட்டன்."

பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது. மெத்தைக்குப் போனோம். எண்ணெய் மணம் தலையணைகளில் எல்லாம் ஏறியிருந்தது.

மறுநாள் தொட்டி நிரம்பும்வரை நிற்காமல் புறப்பட்டோம். விடுதிக்காரி வாசலில் மண்டியிட்டு, எங்கள் மூன்று பேருக்கும் ஒரே ஒரு தடவை தலை குனிந்தார். டொலார்டில் மச்சாள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பாராமல் உள்ளே போனார். மகள் கோட்டுக்குப் போவதைத் தடுக்க வேறு வழியில்லை என்று நான் உடனே பின்னால் போய் மணியை அடித்தேன். திறக்கவில்லை. திரும்ப அடித்தேன். குளிர் காலுக்குள் ஏறியது. காருக்குள் மகள் தலையை ஸ்டியரிங்கில் வைத்துவிட்டாள். என்னை வாசலில் நிற்க வைத்து அவமானப்படுத்துகிறார் என்று நினைத்து, போய்விடலாமா என்று ஒரு காலைப் படியில் இறக்கினேன்.

கதவு திறந்தது. மச்சாள் சீலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டு நின்றார். கலியாணம் சொல்ல வருகிறவர்களை எங்கள் ஆட்கள் பயண உடுப்போடு நின்று கேட்பதில்லை. அதற்குத்தான் அவ்வளவு நேரம்.

"உள்ள வா" என்றார். போனேன். இருக்கச் சொல்லவில்லை, நானும் இருக்கவில்லை.

"மச்சாள், என்ர மகளுக்குக் கலியாணம். நீங்கள் வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

"ஓம். வாறன்" என்றார். பிறகு, "பிள்ளைக்காகத்தான். உனக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுக்கமாட்டன்."

"எடுக்காதைங்கோ."

"சாப்பிடவும் மாட்டன்."

"உங்களுக்கு எண்டு ஒருத்தரும் சமைக்கேல்லை."

காரில் ஏறியதும் மகள் என் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்து கேட்கப் பயந்தாள். "மாமி வாறா" என்றேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு காரை எடுத்தாள். கலியாணத்தன்று மச்சாள் எல்லோருக்கும் முதல் வந்து, மணவறையில் அவளுக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்று, சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.