ஆணியில் மாட்டிய வேலைச் சட்டை

திண்டிவனம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தைக்கும் மிஷினில் வேலை செய்கிறேன். மிஷினுக்குப் பின்னால் சுவரில் ஆளுக்கொரு ஆணி உண்டு. தவிடு படிந்த வேலைச் சட்டையை அதில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். சட்டை தொங்கினால் ஆள் வருவான் என்று அர்த்தம். வேலையை விட்டு நிற்கிறவன்தான் சட்டையை எடுத்துக்கொண்டு போவான்.

என் மனைவிக்கு விழுப்புரத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று முடிவானது. கூட இருக்க வேறு ஆளில்லை. சம்பளமில்லாமல் லீவு கிடைத்தால் போதும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். மில்லில் நான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். அந்த நிம்மதியில், நான் வரும்வரை அழுக்காகத் தொங்குவானேன் என்று சட்டையைத் துவைக்க எடுத்துப் போய்விட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மில்லில் பெருக்கும் அக்கா போன் செய்தார்.

"இன்னாப்பா, சட்டைய எடுத்துக்கினு பூட்டியா? நீ நின்னுட்டேன்னு முதலாளி வேற ஆளு பாத்துக்கினு இருக்காரு. ஜல்தி வா."

படுத்திருந்த மனைவிக்கும் அது கேட்டுவிட்டது. "எங்கிட்ட மட்டும் நல்லா வாய் பேசற இல்ல? அத அங்க போய் பேசுய்யா" என்றாள். அவளைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார்.

துவைத்த சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே பேச்சை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதலாளி முன்னால் நின்றதும் அதில் பாதி மறந்துபோனது.

"ஆணியில சட்டையே இல்லீங்க. நான் இன்னான்னு நெனைக்கறது?" என்றார் மேஸ்திரி.

"லீவு கேட்டுட்டுதாங்க போனேன். சம்பளம் வேணாங்க. என் எடம் வேணும்" என்றேன்.

துடைப்பத்தைக் கீழே வைக்காமலே அக்கா குறுக்கே வந்தார். "கேட்டாருங்க. மேஸ்திரியும் தலையாட்டுனாரு. இந்தாளு வாயத் தொறந்ததே அதிசயம், அத நான் மறப்பனா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சம்சாரம் தேறினப்புறம் வா. அதுவரைக்கும் மாத்தாளு தைக்கட்டும்."

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு அக்கா அந்தப் பக்கம் பெருக்காமல் போயிருந்தால்? முடியாதவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவனின் வேலை ஒரு ஆணியை நம்பியா இருக்க வேண்டும்? மேஸ்திரி வீட்டிலும் ஒருநாள் யாராவது படுப்பார்கள். அப்போது அவர் யாரிடம் போய் நிற்பார்?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

கொஞ்சம் கஞ்சி கேட்டாள்.