விசாரணைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை

விசாரணைக்கு வரும் குத்தகைதாரர் எப்படி உடுத்தி வர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வருவாய்த்துறையில் வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இருந்திருக்க வேண்டும். அழுக்கு வேட்டி, தலையில் துண்டு, காலில் காயாத சேறு. இவை இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. மற்றதெல்லாம் காகிதம்.

என் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அப்போது நான் சிங்கப்பூரில் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். மன்னார்குடியில் புகுமுக வகுப்பு முடித்ததும், அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த தாய்மாமா என்னை வரவழைத்துக்கொண்டார். ஊரில் அப்பா, அம்மா, கல்யாணமாகாத அக்கா. குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் நிலத்தில் மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் வரும் அரை வேலியைத் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிரிட்டு வந்தோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுத்தில் ஒன்றும் கிடையாது.

ஆட்சி மாறியிருந்தது. தெருவுக்குத் தெரு கறுப்பு சிவப்புக் கொடி, வயலோரம் செங்கொடி. கூலிச் சண்டை, குத்தகைச் சண்டை, போலீஸ் வேன். அந்தச் சமயத்தில்தான் குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டத்தைப் புது அரசு கொண்டுவந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டுக் கிளப்புவது கஷ்டம். ஏறாவிட்டால் மிராசுதார் எந்த நாளிலும் கிளப்பலாம்.

பெயர் ஏற ஒரு நிபந்தனை இருந்தது. பயிரிடுகிறவரோ அவர் குடும்பத்தாரோ உடலால் உழைத்திருக்க வேண்டும். ஆள் விட்டு வேலை வாங்கிக்கொண்டு வரப்பில் குடை பிடித்து நிற்பவருக்கு இடமில்லை. நியாயமான நிபந்தனை. அப்பாவைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதியது. அப்பாவைப் போன்றவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதை மனத்தில் வைத்து எழுதியதல்ல.

மிராசுதார் ஆட்சேபணை கொடுத்தார். இவர் உழவரே அல்ல, மகனை வெளிநாட்டில் படிக்க வைத்துக்கொண்டு ஆள் விட்டுப் பயிரிடுகிறார் என்பது சாரம். மாசி மாதம் விசாரணை. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் அப்பா அக்காவைத் துணைக்கு அழைத்துப் போனார். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவள் அவள்தான்.

நான் அனுப்பிய துணியில் தைத்த சட்டை. நான் அனுப்பிய கைக்கடிகாரம். தாலுகா ஆபீஸ் மரத்தடியில் காத்திருந்த மற்ற குத்தகைதாரர்கள் விடவில்லை.

“என்னண்ணே, தாசில்தார பாக்க வந்தீங்களா, மாப்ள பாக்க வந்தீங்களா?”

“எம்மவன் வக்கீலுக்குப் படிக்கிறான்யா. அவன் மானத்த நான் காப்பாத்த வேணாமா?”

கூடத்தில் மிராசுதாரின் வக்கீல் பேச்சைக் கடிகாரத்திலிருந்தே ஆரம்பித்தார்.

“கையில என்னங்க, ஃபாரின் வாட்ச்சா?”

“ஆமாங்க. மவன் அனுப்புனது.”

“உழும்போதும் இத கட்டிக்கிட்டுத்தான் உழுவீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்திருக்கிறார், கேலி என்று தெரியாமல்.

“மவன் சிங்கப்பூர்ல. அப்ப வயல்ல உங்களோட எறங்குறது யாரு? சம்சாரமா, பொண்ணா?”

“எங்க வூட்டுப் பொம்பளைங்கள நான் வயல்ல எறக்குறதில்லீங்க.”

“நடவு, களையெடுப்பெல்லாம்?”

“ஆளுங்க இருக்காங்க.”

“உழவு?”

“அதுக்கும் கொறை இல்லீங்க.”

அதுக்கும் குறை இல்லை என்றால், நானே உழுகிறேன் என்று பொருள். எங்கள் பக்கத்தில் தன்மானமுள்ள மனிதர் அப்படித்தான் சொல்வார். பதிவு செய்தவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏர் பிடித்துக் காய்த்த உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மணிக்கட்டு போதுமானதாக இருந்தது.

அக்கா பின்னால் நின்றிருந்தாள். நடவில் அம்மாவோடு அவளும் இறங்குவாள், களையும் எடுப்பாள், கதிரும் அறுப்பாள். கால் நகங்களில் வயல் கறை ஏறி எந்தச் சீயக்காய்க்கும் போகாமல் இருந்தது. குடும்பத்தாரின் உடலுழைப்புக்கு அதைவிட நல்ல சான்றாவணம் எந்த அலுவலகத்திலும் தாக்கல் ஆகியிருக்காது. அவள் புடவைக் கொசுவத்தை இறக்கிவிட்டு நகங்களை மறைத்துக்கொண்டாள்.

உத்தரவு எங்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தது. தம்பிக்கு எழுதலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

“பரீட்ச எழுதுற புள்ளைய கலக்காத. முடிச்சிட்டு வரட்டும். சட்டம் படிச்சவன், வந்து பாத்துக்குவான்” என்றார் அப்பா.

அம்மாவும் அதையே சொன்னாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை பரீட்சை எழுதும்போது வீட்டில் சாவு விழுந்தால்கூடச் சொல்லமாட்டார்கள். சட்டம் படிக்கிற பிள்ளையிடம் சட்டச் சிக்கலைச் சொல்லாமல் காப்பாற்றினார்கள். அறுவடை நல்லபடி முடிந்தது, எல்லோரும் சௌக்கியம் என்று கடிதம் வந்தது. அறுவடை முடிந்தது உண்மைதான்.

கடைசித் தேர்வில் குத்தகைதாரரின் உரிமை பற்றி ஒரு கேள்வி இருந்தது. நன்றாகவே எழுதினேன்.

பட்டமளிப்பு நாளில் கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்தேன். அந்த வெக்கையில் உள்ளே சட்டை நனைந்து ஒட்டியது. மாமா கைதட்டிய வேகத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டுடியோவில் எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுக் கப்பலேறினேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும். படகில் இறங்கி வர வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போதெல்லாம் கரையில் அந்த வெள்ளைச் சட்டை தெரிந்து மறைந்தது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “எளச்சிட்டியேப்பா” என்றார். இளைத்திருந்தவர் அவர்.

ஆடி மாதம். ஆறு நிறையத் தண்ணீர். பஸ்ஸில் அப்பா எதிரே உட்கார்ந்திருந்தவரிடமெல்லாம் என் பட்டத்தைப் பற்றிப் பேசினார். எங்கள் வயல் வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டுப் பஸ்ஸின் மறுபக்க ஜன்னலைப் பார்த்தார். நான் எங்கள் வயலைப் பார்த்தேன். தெரியாத ஆட்கள் நாற்றங்காலுக்குச் சேறு கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

“யாருப்பா இவங்க?”

“வூட்டுக்குப் போயி பேசுவோம்.”

வீட்டில் அக்கா சொன்னாள். அப்பா கொல்லையில் போய் நின்றுகொண்டார். நான் உத்தரவை வாங்கிப் படித்தேன். கெடு எப்போதோ கடந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம், போதிய காரணம் காட்ட வேண்டும். அதோடு, பெண்கள் வயலில் உழைத்தார்கள் என்று அக்கா வாக்குமூலம் கொடுத்தால் முழு வழக்கையுமே திருப்பலாம்.

“நான் சொல்றேம்ப்பா” என்றாள் அக்கா.

அப்பா கொல்லையிலிருந்து உள்ளே வந்து, அவளைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். “வயசுப் பொண்ண கூண்டுல ஏத்தி, சேத்துல எறங்குனேன்னு ஊருக்கு முன்னால சொல்ல வெப்பியா? அவளுக்கு நாளைக்கி மாப்ள வர வேணாமா? இதுக்குத்தான் படிச்சிட்டு வந்தியா?”

அக்காவின் வாக்குமூலம் இல்லாமலே மனுவை எழுதினேன். பட்டம் பெற்றபின் நான் எழுதிய முதல் மனு. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், மனுதாரரின் மகன் அயல்நாட்டில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார் என்று குறிப்பிட்டேன். வேறு காரணம் இருக்கவில்லை. அது போதிய காரணமல்ல என்று தள்ளுபடியானது. பின்னாளில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்த ஐப்பசியில் அப்பா அதே வயலுக்குக் கூலிக்கு ஏர் ஓட்டப் போனார். உடலால் உழைக்காதவர் என்று உத்தரவான நிலத்தில், வெறும் மேலோடு, கலப்பையை அழுத்திக்கொண்டு. கடிகாரத்தைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். அம்மாவும் அக்காவும் நடவுக்குப் போனார்கள். இப்போது அதை யாரும் மறைக்கவில்லை, மறைத்து ஆக வேண்டியதும் எதுவும் இல்லை.

என் சிங்கப்பூர்ப் பட்டம் இங்கே வழக்காடப் போதாது என்றார்கள். குமாஸ்தாவாகச் சேர்ந்து படிப்படியாகத் தாசில்தார் ஆனேன். விசாரணைகளில் ஆண்களிடம் கேட்டு முடித்ததும், பின்னால் நிற்கும் பெண்களைப் பார்த்து, “நீங்க வயல்ல எறங்குவீங்களாம்மா?” என்று கேட்பேன். பெரும்பாலும் ஆண்கள்தான் பதில் சொல்வார்கள். இல்லீங்க என்பார்கள். மறுபடியும் கேட்பேன். ஆளை விடாமல் அரிக்கிற தாசில்தார் என்று பெயர் எடுத்தேன்.

அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரை விசாரித்தவன் அவளை மட்டும் அதுவரை விசாரித்ததில்லை.

“ஏங்க்கா, அன்னிக்கி அந்தக் கூடத்துல நீ ஏன் வாயத் தொறக்கல? ஒரு வார்த்த போதுமே.”

அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“அப்பா அன்னிக்கி அவ்ளோ அழகா இருந்தாருடா தம்பி. நீ அனுப்புன சட்ட, வாட்ச்சு. ஆயுசுல அப்படி ஒரு நாளுதான் நின்னாரு. நடுவுல பூந்து பொய்யின்னு நான் எப்படிடா சொல்றது?”