யதனா எழுதியதும் கேத்தி வாசித்ததும்

ரங்கூனில் சான்சாவுங் சந்தைக்குப் பின்புறம் எனக்கு ஒரு ஃபோன் பழுதுபார்க்கும் கடை உண்டு. கடைக்கு மேல்மாடியில் பார்வையற்றவர்கள் வேலை பார்க்கும் மசாஜ் நிலையம். அங்கே தூட்டா என்பவனுக்குத்தான் கிராக்கி அதிகம். தோளில் கையை வைத்ததுமே, “ஒரு பக்கமாவே பை மாட்டுவீங்களா?” என்று கேட்பான். சின்ன வயதில் அம்மை கண்ணில் இறங்கிப் பார்வை போய்விட்டது. அதற்கு முன் இரண்டு மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போயிருந்ததால் பர்மிய எழுத்துகளின் வடிவங்கள் மட்டும் மனதில் தங்கியிருந்தன.

அவன் மனைவி யதனாவுக்குக் கண் தெரியும். குருடனைக் கட்டிக்கொண்டாள் என்று பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகியிருந்தார்கள். தாய்லாந்தில் மஹாசாய்ப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினாள். கூட்டிப்போன தரகன், மசாஜ் நிலையத்தின் முன்மேசையில் உட்காரும் கேத்தியின் கொழுந்தன்.

கேத்தி நாற்பதைத் தாண்டியவள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, வெற்றிலை போட்டுக்கொண்டு, வருபவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். மாடியில் கண் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் எல்லாருக்கும் வந்த செய்திகளை வாசித்துச் சொல்வதும் அவள் வேலையாகிவிட்டது.

யதனா பேசி அனுப்பமாட்டாள், எழுதித்தான் அனுப்புவாள். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் படுக்கிற இடத்தில் புருஷனிடம் வாய்விட்டு என்ன பேச முடியும்? தூட்டா பதிலைக் குரலாகப் பதிந்து அனுப்புவான். இங்கே எழுத்து வரும், இங்கிருந்து குரல் போகும். இரண்டுக்கும் நடுவில் கேத்தி இருந்தாள்.

ஆரம்பத்தில் அது ஒரு கூத்தாகத்தான் இருந்தது. செய்தி வந்த சத்தம் கேட்டதும் மற்ற மசாஜ்காரர்கள் எண்ணெய்க் கையோடு வந்து நின்றுவிடுவார்கள்.

“சத்தமா படிங்கக்கா, பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல!”

“ஏன்டா, உன் பொண்டாட்டியா எழுதியிருக்கா? போய் அந்த ஆளோட முதுகைப் பாரு, பாதியில விட்டுட்டு வந்திருக்க,” என்று கேத்தி விரட்டுவாள். பிறகு நாடகக் கதாநாயகி மாதிரி குரலை இழுத்து, “உங்களை நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது…” என்று ஆரம்பிப்பாள். தூட்டாவின் காது சிவந்துவிடும்.

“அக்கா, அப்படியா எழுதியிருக்கா?”

“எழுத்துல இருக்கிறதைத்தானேடா படிக்கிறேன். நானா உன்னை நெனச்சு உருகுறேன்?”

தூட்டா சிரிப்பான். ஆனால் மனைவி தனக்கென்று எழுதிய வார்த்தை முதலில் ஏழு பேர் காதில் விழுந்து, அதற்குப் பிறகே தனக்கு வருகிறது என்பது அவனை அரித்துக்கொண்டிருந்தது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் வசதி அவன் ஃபோனில் இருந்தது. செய்தி அறிக்கைகளில் சிலவற்றை அது அழகாக வாசிக்கும். யதனாவின் செய்தியை வாசிக்கச் சொன்னால் மட்டும் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டவன் போல் குழறும்.

மழைக்காலம் நடுவில் யதனாவின் செய்திகள் குறைந்தன. வந்தவற்றைக் கேத்தி குரலை இழுக்காமல் வாசித்தாள். “நல்லா இருக்கேன். வேலை ஜாஸ்தி. உடம்பைப் பாத்துக்கோங்க. அவ்வளவுதான்டா தம்பி.”

தூட்டா வழக்கம்போலக் குரல் பதிந்தான். “நீயும் நல்லா சாப்பிடு. அங்க மீன் நெறைய கிடைக்குமாமே. இங்க ஒண்ணும் குறையில்ல, அவசரப்பட்டு வந்துடாத.”

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். குரல் மூச்சுக்காற்றாகத்தான் வந்தது.

“எழுதினேனே, படிக்கலையா?”

“படிச்சேனே. வேலை ஜாஸ்தின்னு எழுதியிருந்த.”

மறுமுனையில் அவள் குரல் இன்னும் தணிந்தது.

“அப்ப… நீங்க சொல்றது அவ்வளவுதானா?”

“நான் என்ன சொல்லணும் யதனா?”

தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப அழைத்தபோது ஃபோன் அணைந்திருந்தது.

அன்று மாலை தூட்டா கைப்பிடிச் சுவரைத் தடவியபடி கீழே இறங்கி என் கடைக்கு வந்தான். முக்காலியில் உட்கார்ந்து ஃபோனை மார்போடு பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். இது ஏன் என் பொண்டாட்டி எழுதுறதை மட்டும் உளறுது?”

“குடு, என்னன்னு படிச்சுப் பாக்குறேன்.”

“வேண்டாம்ணே.” சட்டென்று ஃபோனைப் பின்னுக்கு இழுத்தான். “இதுவரைக்கும் அடுத்தவங்க வாயால கேட்டதே போதும். ஏன் உளறுதுன்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். “ஃபோனுக்குள்ள எழுத்தே கிடையாது தூட்டா. எல்லாம் எண்ணுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். நம்ம ஊர்ல ரெண்டு கணக்கு ஓடுது. யதனா ஃபோன் பழைய கணக்குல எழுதுது. உனக்கு வாசிச்சுக் காட்டுற குரலுக்குப் புதுக் கணக்குதான் தெரியும். திரையில பாக்குறவங்களுக்கு வடிவம் சரியாத்தான் தெரியும். ஆனா குரல் வடிவத்தைப் பாக்காது, எண்ணைத்தான் பாக்கும்.”

“எல்லா எண்ணுமே மாறியிருக்கா?”

“இல்ல. முக்கால்வாசி ஒண்ணுதான். சில குறிங்கதான் இடம் மாறிக் கிடக்குது.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. “அதான். ‘கோகோ’ன்னு அவ என்னைக் கூப்பிடுறது மட்டும் தெளிவா கேக்கும். கடைசிச் செய்தியில அது எத்தனையோ தடவை வந்துச்சுண்ணே. கேத்தியக்கா படிச்சப்ப ஒரு தடவைகூட வரல. அப்புறம் ‘கதவு’ன்னு ஒரு வார்த்தை. அதுவும் தெளிவா கேட்டுச்சு. அக்கா கதவுன்னு எதையுமே படிக்கல.”

ஃபோனுக்காகக் கையை நீட்டினேன். “இப்பவே நான் படிச்சுடுறேன்டா.”

“முதல்ல நான் பாக்குறேன். எந்தக் குறி எதுவா மாறும்னு சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்த வரையில் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் தமிழில் கொம்பு, புள்ளி என்கிறோமே, அதுபோல பர்மியத்திலும் உண்டு. பழைய கணக்கு கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்துக்கு முன்னால் வைக்கும். புதியது எழுத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்கும். பழைய கணக்கில் புள்ளிக்கான எண், புதியதில் எழுத்துகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கும் குறிக்கு உரியது. ஃபோன் “புள்ளி” என்று சொல்லும் இடத்தில் உண்மையில் இருப்பது வேறொரு குறி. அவன் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லிப்பார்த்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் மழைக்கால முடிவில் பர்மியர்கள் கொண்டாடும் தீபத் திருநாள் விடுமுறை, நிலையம் பூட்டியிருந்தது. தெருவெல்லாம் பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். தூட்டா என் கடையின் பின்புற அறையில், காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தான். விரலால் தட்டத் தட்ட, ஃபோன் ஒவ்வொரு எழுத்தாகப் பெயர் சொல்லும். தவறாகச் சொல்வதை அவன் மனதில் சரியாக மாற்றி, வார்த்தையாகக் கோத்து, வாய்க்குள் சொல்லிப்பார்ப்பான். தப்பிப் போனால் மறுபடி முதலிலிருந்து. தேநீர் வைத்தேன், ஆறிப்போனது. கடைக்கு வந்தவர்களுக்கு ஃபோன் உறை மாட்டிக்கொண்டே அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கதவு”க்கு அடுத்த வார்த்தை அவனைப் படுத்தியது. கொம்பு, ஸ, கால், ஒரு கீழ்ப்புள்ளி. கொம்பைப் பின்னால் தள்ளிச் சொல்லிப்பார்த்தான். அப்புறம் அசையவில்லை.

“பூட்டு,” என்றான். “கதவைப் பூட்டி வைக்கிறாங்கண்ணே.”

மீதியை அவன் பிரித்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. கடைசியில் அவனே எனக்குச் சொன்னான், யாரோ எழுதியதை ஒப்பிப்பது போல. தரகன் அவளை வேறொரு கொட்டகைக்கு விற்றுவிட்டான். கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெளியே பூட்டு. ஒளித்து வைத்த ஃபோனைப் பெண்கள் முறை வைத்துச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். பின்னால் ஓடை, அதைத் தாண்டினால் பச்சைக் கூரை போட்ட பனிக்கட்டித் தொழிற்சாலை. ‘ஓடிவிடலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். பிடித்தால் அடிப்பார்கள். நான் ஓடட்டுமா, இருக்கட்டுமா? நீங்கள் சொல்லுங்கள் கோகோ. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.’

“நான் என்ன சொன்னேன் தெரியுமாண்ணே?” என்றான். “மீன் சாப்பிடச் சொன்னேன். அவசரப்பட்டு வராதன்னு சொன்னேன்.”

சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவன் அழுதிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

யதனாவின் ஃபோன் இன்னும் அணைந்தே கிடந்தது. மஹாசாயில் நம் ஊர்த் தொழிலாளர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தோம். பச்சைக் கூரையையும் ஓடையையும் தூட்டா சொன்னான். “இந்தப் பக்கம் அந்த மாதிரி நாலு இருக்கு தம்பி, தேடிப் பாக்குறோம்,” என்றார் பேசியவர்.

விடுமுறை முடிந்து நிலையம் திறந்ததும் தூட்டா நேராகக் கேத்தியின் மேசைக்குப் போனான். நானும் கூடப் போனேன். அவன் சத்தம் போடவில்லை.

“கேத்தியக்கா, கதவு பூட்டுன்னு எழுதியிருந்தாளே. ஏன் படிக்கல?”

வெற்றிலையைத் துப்பக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. என் பக்கம் திரும்பினாள். “நீங்க படிச்சுக் காட்டினீங்களா?”

“நானே படிச்சேன்,” என்றான் தூட்டா.

அவள் நேரம் குறிக்கும் நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள், “அவன் என் புருஷன் கூடப்பிறந்தவன்டா. கேட்டேன். ரெண்டு மாசத்துல வேற இடத்துக்கு மாத்திடுவேன்னு சத்தியம் பண்ணினான். வெளியில சொன்னா வீட்டை விட்டுப் போயிடுன்னு எம் புருஷன் சொல்லிட்டாரு. நான் எங்கடா போவேன்?” பிறகு கோபத்தை வரவழைத்துக்கொண்டாள். “தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்ப? உனக்குக் கண்ணு தெரியுமா? பஸ் ஏறிப் போய் கதவை ஒடைச்சிருப்பியா?”

“என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரிய விடலையேக்கா,” என்றான்.

உள்ளே மசாஜ் கட்டில்களில் முதுகைத் தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

சங்கத்தார் இரண்டாவதாகப் பார்த்த கொட்டகையில் யதனாவும் மற்றப் பெண்களும் இருந்தார்கள். பூட்டை உடைத்துத் தாய்லாந்துப் போலீசார் வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் கையில் கடவுச்சீட்டு இல்லாதவளை அப்படியே விடுவார்களா? விசாரணை முடியும்வரை குடிவரவுக் காவலில் வைத்தார்கள். ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்குப் போனாள். வெயில் காலம் தொடங்கிய பிறகே மியாவடி எல்லைப் பாலம் வழியாக அனுப்பினார்கள்.

தூட்டாவை மியாவடிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பாலத்தின் இந்த முனையில் நின்றிருந்தோம். யதனா இளைத்துக் கறுத்திருந்தாள். இறால் ஓடு அறுத்து விரல்நுனிகள் வெடித்திருந்தன. தூட்டா அவள் கையைப் பிடித்தான், விரல்களைத் தடவினான். எல்லா உடம்பையும் தொட்டே தெரிந்துகொள்பவன், அந்த விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

“உங்க மேல தப்பில்லன்னு புரியுது,” என்றாள். “ஆனா அங்க இருட்டுல போர்வைக்குள்ள உங்க குரலைத்தானே போட்டுப் போட்டுக் கேட்டேன். ‘அவசரப்பட்டு வராத’ன்னு எவ்வளவு சந்தோஷமா சொல்றீங்க. அந்த ரெண்டு பொண்ணுங்க ஓடினப்ப நானும் போயிருப்பேன். நீங்க வர வேண்டாம்னு சொல்லிட்டீங்களேன்னு உக்காந்துட்டேன்.”

“அந்தப் பொண்ணுங்க?”

“ஒருத்தி தப்பிச்சுட்டா. இன்னொருத்தியைப் பிடிச்சுட்டாங்க.”

அவன் கையிலிருந்த ஃபோனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். குரல் அப்படித்தான். அவள் எழுதியது வழியெல்லாம் சிதைந்து வந்தது. அவன் பேசியதோ மூச்சு விட்டது உட்பட ஒரு சிதைவும் இல்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

தரகன் அகப்படவில்லை. யதனா எங்கள் தெருவிலேயே ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். அறையில் தாழ்ப்பாள் போட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கண் தெரியாதவனுக்கு வேறு வேலை எங்கே கிடைக்கும்? தூட்டா அதே மாடியில், அதே கேத்தியோடு வருஷக்கணக்காக இருந்தான். “பதினோரு மணிக்கு ஆள் வர்றாங்க,” “சரிக்கா,” அவ்வளவுதான் பேச்சு. ஃபோனை மட்டும் அவளிடம் கொடுக்கமாட்டான். மற்றவர்கள் கொடுத்தார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை.

பிறகு நாடு முழுவதும் புதுக் கணக்குக்கு மாறியது. ஃபோன்கள் ஒவ்வொன்றாகத் தெளிவாகப் பேச ஆரம்பித்தன. நேரம் குறிப்பதையும் மசாஜ்காரர்களே ஃபோனில் பார்த்துக்கொண்டார்கள். கேத்திக்கு அங்கே வேலையில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் என் கடையைத் தாண்டிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தூட்டா கீழே வந்தான்.

“போயிட்டாங்களாண்ணே?”

“போயிட்டா.”

சந்தைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். “அவங்களுக்கு இந்த வயசுல வேற எங்கயாவது வேலை கிடைக்குமா?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.