கைப்பிடி இல்லாத கூடை

அக்காவை அசையாமல் படுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட அசையாமல் இருக்கத் தெரியாத என்னை அவளுக்குக் காவல் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் இஞ்சினியரிங் படிப்பை முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை உத்தமபாளையத்தில் வீட்டோடு இருந்த காலம் அது. இந்தி வகுப்பு, செஸ், கிடார் என்று எதைத் தொட்டாலும் ஒரு வாரம் பற்றி எரியும், பிறகு தானாக அணைந்துவிடும். அப்பா விடிந்ததும் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அக்கா வீட்டுக்காரருக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவார். அக்காவுக்குப் போன வருடம் ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துவிட்டது. இந்தத் தடவை தேனி டாக்டரம்மா, இடதுபக்கமாகப் படுத்தே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் பேசிக்கொண்டே இருப்பேன். ‘ம்’ கொட்டுவாள். கொஞ்ச நாளில் அந்த ‘ம்’மும் நின்றுபோனது.

ஒரு மதியம் வேறு வேலை இல்லாமல் அம்மாவின் காய்கறிக் கூடையைக் கையில் எடுத்தேன். பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய பிளாஸ்டிக் ஒயர் கூடை. எல்லா வீட்டிலும் தொங்குவதுதான். இதில் ஒவ்வொரு முடிச்சும் எப்படி உட்கார்ந்திருக்கிறது? தெரிந்துகொண்டே ஆக வேண்டும் போலிருந்தது. விளிம்பில் ஒரு நுனியை ஊசியால் நெம்பி இழுத்தேன். அப்புறம் இன்னொன்று. அம்மா சந்தைக்குக் கிளம்பிய நேரத்தில் பாதிக் கூடைதான் மிச்சம்.

“ஏலே! என் கூடைய என்னலே பண்ணி வச்சிருக்க?”

“எப்படிப் பின்னியிருக்குன்னு பிரிச்சுப் பாத்தேன்மா.”

“பிரிச்சுப் பாக்க அது என்ன ரேடியோவா? தக்காளிய எதுல வாங்கிட்டு வர, உன் சட்டைலயா?”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அசையாமலே சிரித்தாள்.

அன்றைக்கே கடைவீதிக்கு ஓடினேன். கடைக்காரர் ஒயர்க் கட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“தங்கச்சிக்கா தம்பி?”

“எனக்குத்தான்ணே.”

“நல்லது. வேலை கெடைக்கிற வரைக்கும் கூடையாவது கெடைக்கட்டும்.”

ஓர் ஒயரைக் கண்ணியாக மடித்து, இன்னொன்றை அதன்மேல் சுற்றி உள்ளே விட்டு, நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ‘டிக்’கென்று முடிச்சு உட்காரும். அந்த ‘டிக்’குக்காகவே அடுத்ததைப் போடத் தோன்றும். அடிப்பாகம் முடிந்து சுவர் எழும்ப ஆரம்பித்தபோது, அரைநாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. விரல் நுனி எரிந்தது. மனசு அலம்பிவிட்ட முற்றம் மாதிரி இருந்தது.

முதல் கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா அதைத்தான் சந்தைக்கு எடுத்துப் போனாள். கேட்டவர்களிடமெல்லாம், “எம்மகன் இஞ்சினியரு, கட்டடமும் இப்படித்தான் கட்டுவான்” என்றாளாம்.

இரண்டாவதை ஆரம்பித்தபோது அக்கா தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றி, அதே இடதுபக்கமாக, என்னைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“கொண்டா, நானும் போடுறேன்.”

கட்டிலோரத்தில் உட்கார்ந்து நான் பிடித்துக்கொள்வேன். படுத்தபடியே அவள் முடிச்சுப் போடுவாள். மஞ்சளும் மெரூனும் அவள் தேர்வு. அவள் இழுவை என்னுடையதைவிடச் சீராக இருக்கும். இடையில் சட்டென்று நிறுத்திக் கண்ணை மூடுவாள். “உதைக்குதுடா” என்பாள். நானும் கையை நிறுத்திக்கொள்வேன். பிறகு இருவரும் ஒன்றும் பேசாமல் தொடர்வோம். பேசாமல் இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

கூடை உயர்ந்து விளிம்பு கட்டியாகிவிட்டது. கைப்பிடி மட்டும் பாக்கி. அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“இம்புட்டு ஒசரமா எதுக்குலே?”

“பிளாஸ்க் நிக்கணும்ல. ஆஸ்பத்திரிக்கு…”

அம்மா முகம் மாறிவிட்டது. கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“பொறக்குமுன்ன எதையும் தயார் பண்ணி வைக்கக்கூடாதுய்யா. போன தடவ நான்தான் அவசரப்பட்டுப் பழைய சேலையக் கிழிச்சு, தொவைச்சு மடிச்சு வச்சேன். அதான்…”

இதையும் அதையும் முடிச்சுப் போடாதே அம்மா, என்று படித்தவன் மாதிரி ஒரு பேச்சு என் வாய்வரை வந்தது. அக்கா அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

“அம்மா, கைப்பிடி போட்டாத்தானே கூடை? இது இன்னும் கூடையே ஆகல. சும்மா ஒரு டப்பா.”

அம்மா கூடையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“அப்ப போடாத. அப்படியே கெடக்கட்டும்.”

அப்படியே கிடந்தது. கைப்பிடிக்கான ஒயர்களைச் சுருட்டி அதற்குள்ளேயே வைத்தேன். மேல் வரிசையைப் பிரிப்பதும், அதையே திரும்பப் பின்னுவதுமாக அக்காவும் நானும் நாட்களை ஓட்டினோம். பஸ் ஸ்டாண்டில் கூட்டாளிகள், “ஏலே கூடை, இன்னுமாடா முடியல?” என்று கேட்பார்கள். எதையும் பாதியில் விடுகிறவன், முடிக்கத் துடித்த ஒன்றை முடிக்காமல் வைத்திருந்தேன். அதில் எனக்குக் குறையே தெரியவில்லை.

டாக்டரம்மா சொன்ன நாளுக்கு முன்பே, சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. நான் வாடகைக் காருக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது பிளாஸ்க், துண்டு, அவசரத்துக்கு அகப்பட்ட பழைய சேலை எல்லாவற்றையும் அந்த டப்பாவில் திணித்து, பிள்ளையைப் போல மார்போடு அணைத்தபடி அம்மா வாசலில் நின்றாள். சின்னமனூர் தாண்டும்வரை அதை மடியைவிட்டு இறக்கவில்லை. அவள் தோளில் சாய்ந்திருந்த அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“டேய்… கைப்பிடியப் போடுடா.”

“அங்கன போயிப் பாப்போம்” என்றாள் அம்மா.

தேனி ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோனதும் கதவு சாத்திக்கொண்டது. என்னால் நிற்க முடியவில்லை. நடந்தேன், திரும்பி நடந்தேன். அம்மா கூடையிலிருந்து ஒயர்ச் சுருளை எடுத்து நீட்டினாள்.

“உக்காந்து போடு. ஆனா முடிச்சுறாத.”

பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் முடிச்சு நழுவியது. திரும்பப் போட்டேன். ‘டிக்’. அடுத்தது. மூச்சு மெல்ல வழிக்கு வந்தது. வழியில் போன நர்ஸ் நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, ஆஸ்பத்திரியில கூடை பின்னுறீக?”

“அது கூடையில்லம்மா” என்று பட்டென்று சொன்னாள் அம்மா.

கைப்பிடி வளைந்து மறுவிளிம்பைத் தொட்டது. கடைசி நுனி மட்டும் விரலிடுக்கில் மிச்சமிருந்தது. அம்மா தலையை ஆட்டினாள்; வேண்டாம் என்று. நான் அந்த ஒயரைப் பிடித்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது.

உள்ளேயிருந்து ஓர் அழுகை. மெலிசாக ஆரம்பித்து, பிறகு கோபமாக.

அதே நர்ஸ் கதவைத் திறந்தார். “பொம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லாருக்காக. சுத்தமான துணி குடுங்க.”

அம்மா அந்தப் பழைய சேலையை எடுத்துக் கொடுத்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“என்னலே பாத்துக்கிட்டு இருக்க? நல்லா இழுத்துக் கட்டு.”

இழுத்தேன். கைப்பிடி ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாகத்தான் போயிருந்தது.