ஓடி வந்தவன் கையில் கொடுத்த கடிதம்

தப்பி ஓடிவந்த ஒருவனை, அவன் கையிலேயே ஒரு கடிதத்தைக் கொடுத்து, யாரிடமிருந்து ஓடிவந்தானோ அவரிடமே திருப்பி அனுப்புவீர்களா நீங்கள்? நான் அனுப்பிவிட்டேன். இன்று, ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும்தான். இப்போது மணி பத்தரை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அச்சுக் கோக்கிறவர் என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

நான் இருப்பது பாகூர். திருநெல்வேலியில் ரயிலேறி, கடலூரில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தால் பிரெஞ்சு தேசம். கப்பலும் கிடையாது, கடலும் கிடையாது. ஆனாலும் நான் இங்கே வெளிநாட்டான். வந்த முதல் வாரம் மேர் என்கிற ஊர்த்தலைவர் ஆபீஸில் பெயர் பதியப் போனேன். குமாஸ்தா பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பிறகு "நாசியோனாலித்தே?" என்றார். படிப்பைக் கேட்கிறார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி, "பி.ஏ." என்றேன். அவர் கேட்டது எந்த நாட்டுப் பிரஜை என்று. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'ஆங்லே' என்று எழுதிக்கொண்டார். ஆங்கிலேயனாம்! தமிழ் பேசுகிற குமாஸ்தா, தமிழ் பேசுகிற என்னை, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஆங்கிலேயன் ஆக்கினார். நம் ஊரில் யாராவது கேட்டால் ஒரு மாதம் சிரிப்பார்கள். இங்கே அதுதான் சட்டம். கரும்புக் கொல்லைக்கு நடுவே ஓடுகிற ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சிவப்புத் தொப்பிப் போலீஸ், அந்தப் பக்கம் நம் வெள்ளைக்காரன் போலீஸ். முழங்கால் அளவு தண்ணீர்.

அந்தத் தண்ணீரைத் தாண்டி ஒரு மாதத்துக்கு முன் ஓடி வந்தவன்தான் அருளப்பன். எதிர்க்கரை ஊரில் பெரிய பண்ணை மரியசெல்வத்திடம் அப்பன் காலத்திலிருந்து படியாள். அங்கேயே பிறந்தவன், அந்த ஏருக்கே உரியவன், வேறு கொல்லையில் கால் வைக்கக் கூடாது. ஓர் உழவு மாடு வரப்பில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டதற்கு இவனைத் தென்னையில் கட்டி அடித்திருக்கிறார்கள். அவிழ்த்துவிட்டதும் நேராக வாய்க்காலில் இறங்கிவிட்டான். மனைவி லூர்துவும் கைக்குழந்தையும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். இங்கே தெய்வானை அக்காவின் சோற்றுக்கடையில் விறகு பிளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன். பகலில் கரும்புக்காரர்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவது என் பிழைப்பு.

பண்ணை மரியசெல்வம் கிறிஸ்தவர். அருளப்பனும் கிறிஸ்தவன், என்னைப் போலவே. இதைக் கேட்டதும் எனக்கு ஏறிய உற்சாகத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காலேஜில் கடைசி வருஷம் நான் கட்டுரை எழுதியது ஒரு சின்னக் கடிதத்தைப் பற்றி. முதல் நூற்றாண்டில், சிறையில் கிடந்த அப்போஸ்தலர் ஒருவர் ஒரு வீட்டுக்காரருக்கு எழுதியது. வேதாகமத்தில் ஒரு பக்கம்தான் வரும். வீட்டுக்காரர் விசுவாசி, அவருடைய அடிமை ஓடிவந்து சிறையில் அப்போஸ்தலரைச் சேர்ந்து அவனும் விசுவாசியாகிவிட்டான், அவனைச் சகோதரனாகச் சேர்த்துக்கொள் என்பது விஷயம். நம் கோயிலில் அதை வாசித்தால் பாதிப் பேர் விசிறியை ஆட்டிக்கொண்டே தூங்குவார்கள். எங்கள் பேராசிரியர் அதைப் பிரித்து மேய்வார். அன்று தபால் என்பது அரசாங்கத்துக்கு மட்டும். கடிதத்தை ஆள்தான் சுமக்க வேண்டும். சுமக்கிறவனே அதை விளக்கவும் வேண்டும். அந்த அடிமையே தன் கடிதத்தைச் சுமந்து நடந்திருக்கலாம். ஓடிப்போனவன் நெற்றியில் சூடு போடுகிற காலம் அது. ஆனால் கடிதம் வீட்டுக்காரருக்கு மட்டும் எழுதியதல்ல, அவர் வீட்டில் கூடுகிற சபைக்கும் எழுதியது. எல்லார் காதிலும் விழும்போது எப்படி அடிப்பார்? நான் பக்கம் பக்கமாக எழுதி முதல் மார்க் வாங்கினேன்.

கடையின் பின்பக்கம் அவன் விறகு பிளக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவனுக்காகச் சொல்லவில்லை. அப்படி ஓடிவந்த ஒருவனுக்கு என்ன தோன்றும் என்று கேட்டு, என் பழைய கட்டுரையைப் பெரிதாக்கி அச்சில் போடலாம் என்ற ஆசை.

அவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அப்பறம் இன்னா ஆச்சி சாரு? அடிச்சாரா அந்த ஆளு?"

"தெரியாதுய்யா. பதில் கடிதம் எதுவும் கிடைக்கல."

"ரெண்டாயிரம் வருசமா யாருக்கும் தெரியாதா? இன்னா சாரு படிச்சீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பேராசிரியர் சொல்லும் வாதத்தைச் சொன்னேன். அந்தக் கடிதம் கிழிபடாமல் நம் கைக்கு வந்திருக்கிறது. கோபக்காரன் என்றால் கிழித்து அடுப்பில் போட்டிருப்பான். பத்திரமாக வைத்திருந்தான் என்றால் மனம் இரங்கியிருக்க வேண்டும். அருளப்பன் பிளந்த விறகை அடுக்கி முடித்தான். பிறகு, "அப்ப எனக்கு ஒண்ணு எய்தித் தாங்க சாரு. லூர்த இட்டாந்துடறேன்" என்றான்.

எழுதிவிட்டேன். நாலு பக்கம். மரியசெல்வம் ஐயா அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கூடும் சபையாருக்கும் என்று போட்டேன். இவன் உங்கள் சகோதரன், குடும்பத்தோடு போக விடுங்கள் என்று எழுதி, கீழே என் பெயர், பி.ஏ., பாகூர் விலாசம் எல்லாம் போட்டுப் பசை வைத்து ஒட்டினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே ஐந்து வாக்கியம் மனப்பாடம் செய்ய வைத்தேன். கூட்டத்தின் நடுவில் போய், கடிதத்தைப் பண்ணையார் கையில் கொடுத்து, நிமிர்ந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குனிந்து குனிந்து சொன்னான். "நிமிருய்யா, யாரும் உன்னைத் தின்னுற மாட்டாங்க" என்று தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். காலையில் போகும்போது நிமிர்ந்துதான் போனான்.

எட்டரைக்கு இட்லி சாப்பிடப் போனேன். தெய்வானை அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். இங்கே சாருக்கு முசே என்பார்கள்.

"இன்னா முசே, அருளப்பன் எங்க? கட்ட அப்பிடியே கெடக்குது."

பெருமையாகத்தான் சொன்னேன். அவள் ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"யாரு வூட்டுக்கு? மரியசெல்வம் வூட்டுக்கா? அய்யோ, உனக்கு புத்தி கித்தி கீதா இல்லியா? என் தாய் வூடு அந்த ஊரு. நான் பாக்காததா?"

"ஜெபம் நடக்குற நேரம் அக்கா. எல்லாரும் இருப்பாங்க. எல்லாரும் ஒரே வேதந்தானே?"

"வேதம் ஒண்ணுதான், நிக்கிற எடம் ஒண்ணா? சேரி சனம் மாட்டுக் கொட்டாய்க்கு அந்தாண்ட நின்னு கேக்கும். உள்ள பாடறது பாதி காதுல வுயும், பாதி வுயாது. அவன் கையில இருக்கற காயிதத்த எவன் வாங்குவான்? தரையில வச்சிட்டு ஒதுங்கணும். பண்ணையப் பாத்துக்கற காரியக்காரன் இஷ்டப்பட்டா எடுப்பான். இல்லன்னா கெடக்கும்."

"நான் அவனை நடுவுல போய் நின்னு பேசச் சொல்லியிருக்கேன் அக்கா."

அவள் என்னை மேலும் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நிமுந்துனு பேசச் சொன்னியா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, வைத்த இட்லியைக்கூட நான் சாப்பிட்டேனா என்று பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய வீட்டில் அடிமை எங்கே நின்றான் என்று மூன்று பக்கம் எழுதியவன் நான். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற வீட்டில் அருளப்பன் எங்கே நிற்பான் என்று அவனிடமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் குனிந்தான். நான் நிமிர்த்தினேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் போயிருக்கிறான். நம் ஊர்க் கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரத்தில் ஒரு பாய் விரித்திருப்பார்களே, அதில் யார் உட்காருவார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அதை இருபது வருஷம் தாண்டித்தான் நான் உள்ளே போயிருக்கிறேன்.

சிவப்புத் தொப்பிக்காரரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த பத்துப் பிரெஞ்சு வார்த்தையையும் கொட்டினேன். அவர் தமிழிலேயே, "அந்தாண்ட நடக்கறது எங்க கேஸ் இல்ல. நீங்க ஆங்லே, அங்க போயி உங்க போலீஸ்ல சொல்லுங்க" என்றார். எங்கள் போலீஸ்! அந்தப் பக்கத்துச் சாவடியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மதியச் சாப்பாடு பண்ணை வீட்டிலிருந்து போகிறது என்று தெய்வானை அக்கா ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். நான் இங்கேயும் அந்நியன், அங்கே போனால் விலாசத்தோடு மாட்டுகிற குற்றவாளி. பண்ணையின் ஆட்கள் வாய்க்காலைத் தாண்டி வரமாட்டார்கள் என்று எந்தச் சட்டம் சொன்னாலும், தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

லூர்து. இடுப்பில் குழந்தை, முழங்கால் வரை சேறு. சோற்றுக்கடையில் என் வீட்டைக் கேட்டு வந்தாளாம். காரியக்காரன் கடிதத்தைத் தொடவே இல்லையாம். அருளப்பன் மாட்டுக் கொட்டாயைத் தாண்டி முற்றத்தில் போய் நின்று பேச ஆரம்பித்தானாம். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். "அவரத் தென்னையில கட்டறப்ப எல்லாரும் அங்கதான் பாத்துனு இருந்தாங்க சாரு. இதை எடுத்துனு ஓடுன்னு கண்ணாலயே சொன்னாரு" என்று கடிதத்தை என் காலடியில் தரையில் வைத்தாள். ஒட்டிய பசை ஒட்டியபடியே இருக்கிறது.

உள்ளே வாம்மா என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். அவள் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாள்.